லவ்வும் லீவும் லோபியும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா?

#1 வெட்டாறு
ஞாயித்துக்கிழமை வீட்ல டென்னிஸ் ஓடிக்கிட்டிருந்துச்சு. "ஃபார்ட்டி லவ்"னு நடுவர் சொன்னதும் எட்டாவது படிக்கிற என் பொண்ணு, "ஏம்ப்பா, பூஜ்யத்துக்குப் போய் லவ்வுங்கிறாங்க?"ன்னு கேட்டா. எங்கயோ படிச்ச கதைய எடுத்து விட்டேன். பிரெஞ்சுல முட்டைக்கு 'லெஃப்'னு பேரு, பூஜ்யம் முட்டை வடிவத்துல இருக்கு, அதைக் கேட்ட இங்கிலீஷ்காரன் காதுல அது லவ்வுன்னு விழுந்துருச்சுன்னு.

அவ அசரல. "அப்ப பிரெஞ்சு ஓப்பன்ல லெஃப்னுதான் சொல்வாங்களா?"ன்னா. அவளே போன்ல ஒரு பழைய மேட்ச்சைப் போட்டுக் கேட்டா. அங்க 'ஸெரோ'ன்னு சொல்றாங்க! அப்பா மானம் போச்சு. இந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. டென்னிஸ் லவ் மட்டுமில்ல, நிஜ லவ்வும்தான்.

#2 ஐந்தாம்வரிசை
அண்ணா, முட்டைக் கதையை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடாதீங்க. கிரிக்கெட்ல டக் அவுட் எங்கேருந்து வந்துச்சு? 'வாத்து முட்டை'ன்னு சொல்லிக்கிட்டிருந்ததைத்தான் 'வாத்து'ன்னு சுருக்கினாங்க. 19-ஆம் நூற்றாண்டு வழக்கு. நாமளும் கணக்குல முட்டை வாங்கிட்டு வந்தவங்கதானே! பூஜ்யத்தைப் பார்த்தா எல்லா ஊர்லயும் முட்டைதான் ஞாபகம் வருது.

#3 பழையவாத்தி
எல்லா ஊரிலும் முட்டை ஞாபகம் வரும் என்பது சரி. அதனாலேயே அந்தக் கதை அவ்வளவு சுலபமாகப் பரவிவிட்டது. ஆனால் 'லவ்' என்றால் பூஜ்யம் என்ற வழக்கு டென்னிஸில் பிறந்ததே அல்ல. விம்பிள்டன் முதல் போட்டி நடந்தது 1877-ல். அதற்கு நூறாண்டுக்கும் முன்பே, 1742-ல், விஸ்ட் என்ற சீட்டாட்டத்தில் புள்ளி எடுக்காதவரின் கணக்கு 'லவ்' என்று எழுதப்பட்டிருக்கிறது. சீட்டுக்கும் பிரெஞ்சு முட்டைக்கும் என்ன உறவு?

அதற்கும் முன்னால் 1670-களில் 'ப்ளே ஃபார் லவ்' என்ற வழக்கு இருந்தது. பணம் வைத்து ஆடுகிறாயா, சும்மா ஆடுகிறாயா என்பதில் 'சும்மா' என்பதற்கு 'லவ்வுக்காக' என்றார்கள். ஆசைக்காக ஆடுகிறவன் கையில் காசு மிஞ்சாது. சும்மா என்பது ஒன்றுமில்லை ஆனது, ஒன்றுமில்லை பூஜ்யம் ஆனது. ஆங்கிலப் பேரகராதிக்காரர்கள் சாய்வது இந்தப் பக்கம்தான்.

'அமெச்சூர்' என்ற சொல்லையும் பாருங்கள். பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். நேர்ப்பொருள் 'காதலன்', 'விரும்புகிறவன்'. சம்பளம் வாங்காமல் விருப்பத்துக்காக ஆடுகிறவன் அமெச்சூர். இரண்டு சொல்லிலும் ஒரே கணக்கு ஓடுகிறது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், கேள்வி அருமை என்று.

#4 கரிசல்_பூ
சார், எங்க வீட்டுக்காரரு முப்பது வருசமா எந்த வேலை சொன்னாலும் லவ்வுக்காகத்தான் செய்யிறாரு. ரிசல்ட்டும் அதேதான், பூஜ்யம்.

சரி, நெசமான லவ்வு எங்கிருந்து வந்துச்சு?

#5 பழையவாத்தி
பழைய ஆங்கிலத்தில் அது 'லுஃபு'. உயிர் இரண்டுக்கு நடுவே நிற்கும் ஃப என்பதை அவர்கள் வ போலவே ஒலித்தார்கள், ஆகவே காதுக்கு 'லுவு'. கடைசி உகரம் தேய்ந்து போய் 'லவ்' மிஞ்சியது. எழுத்தில் நடுவே 'ஓ' ஏன் வந்தது என்று என் மாணவர்கள் வருடா வருடம் கேட்பார்கள். அது எழுத்தர்கள் செய்த வேலை. அக்காலக் கையெழுத்தில் யு, வி, என், எம் எல்லாமே குத்துக் குத்தாக நிற்கும் கோடுகள். நாலைந்து சேர்ந்தால் எங்கே எது முடிகிறது என்று தெரியாது. அதனால் அப்படிப்பட்ட எழுத்துகளுக்குப் பக்கத்தில் 'யு' வரும்போது 'ஓ' போட்டுப் பிரித்தார்கள். சன் (மகன்), மங்க் (துறவி), கம் (வா) எல்லாவற்றிலும் நாம் அகரம் ஒலித்துக்கொண்டு ஓ எழுதுவது இதனால்தான்.

சொல்லின் உறவுக்காரர்கள் ஐரோப்பா முழுக்க இருக்கிறார்கள். ஜெர்மனில் 'லீபெ', டச்சில் 'லீஃப்டெ', ரஷ்யனில் 'ல்யுபோஃப்'. லத்தீனில் 'லிபெட்', அதாவது 'பிடித்திருக்கிறது'. அங்கிருந்து 'லிபிடோ'. மேடையில் வசனத்தை இஷ்டத்துக்கு விட்டு அடிப்பதை 'ஆட்லிப்' என்கிறோமே, அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். 'ஆட் லிபிட்டும்', மனம்போல.

அப்படியே கிழக்கே வாருங்கள். சமஸ்கிருதத்தில் 'லுப்' என்ற வினை. பொருள்: மயங்கு, ஆசைப்படு. அதன் பெயர்ச்சொல் லோபம். நம்மூரில் உலோபம்.

#6 வெட்டாறு
சார், ஒரு நிமிஷம். உலோபின்னா கருமி. எச்சில் கையால காக்கா ஓட்டாதவன். லவ்வும் லோபியும் ஒரே வேரா?!

#7 பழையவாத்தி
ஒரே வேர்தான். இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்கு அறிஞர்கள் மீட்டுருவாக்கிய வடிவம் 'லெயுப்', பொருள் 'விரும்பு, ஆசைகொள்'. ஆசை எந்தப் பக்கம் திரும்பியது என்பதில்தான் பிள்ளைகள் பிரிந்தார்கள். ஜெர்மானியர் கிளையில் அது மனிதர் பக்கம் திரும்பி அன்பானது. இந்தியக் கிளையில் பொருளின் பக்கம் திரும்பிப் பேராசையானது. தமிழுக்கு வந்தபோது இன்னொரு படி நகர்ந்தது. பேராசைக்காரன் கொடுக்கமாட்டான், ஆகவே லோபி என்றால் நம் காதில் முதலில் விழுவது 'கொடாதவன்'. 'உலுத்தன்' என்ற பழைய சொல்லும் இதே வினையின் 'லுப்த' வடிவத்திலிருந்து வந்ததுதான். வேடனுக்கு வடமொழியில் லுப்தகன் என்று பெயர் உண்டு. வானில் சிரியஸ் விண்மீனுக்கும் அதுவே பெயர்.

#8 கரிசல்_பூ
'அன்பிலார் எல்லாம் தமக்குரியர்'னு வள்ளுவர் சொன்னது அச்சு அசல் லோபிக்கான இலக்கணம்லா? அங்க அன்பு இல்லாதவன் கருமி. இங்க என்னடான்னா லவ்வோட கூடப் பொறந்தவன் கருமி. என்ன குடும்பமோ!

#9 சொற்போர்ச்செழியன்
இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். தமிழர்கள் கூடிய இடத்தில் ஒருவர்கூடத் தமிழ் மூலத்தைப் பேசவில்லை என்பது வருத்தம். 'உவ' என்பது நம் வேர். உவகை, உவப்பு. 'உலவு' என்றால் மனம் ஒருவரைச் சுற்றி உலாவுதல். உலவு > லவு > லவ். முதல் உகரம் கெடுவது உலகெங்கும் காணும் இயல்பு. வடமொழி லோபமும் இதிலிருந்து போனதே. வெள்ளையர் எழுதிய வேர் அகராதியை வேதமாக்க வேண்டாம்.

#10 ஐந்தாம்வரிசை
அண்ணே, நான் ஜெர்மன் பி1 நிலை படிச்சுக்கிட்டிருக்கேன், அதனால ஒண்ணு சொல்றேன். ஜெர்மன்ல ப வர்ற இடத்துல இங்கிலீஷ்ல வ வருது. ஒண்ணு ரெண்டு சொல்லுல இல்ல, வரிசையா. கேபென் - கிவ். ஹாபென் - ஹேவ். லேபென் - லிவ். ஸீபென் - செவன். வேபென் - வீவ். இந்த வரிசைலதான் லீபெ - லவ் உக்காந்திருக்கு. எங்க டீச்சர் முதல் வாரமே இதை போர்டுல எழுதிப் போட்டாங்க, பாதி அகராதி மனப்பாடம் பண்ற வேலை மிச்சம். உலவு > லவுக்கு இந்த மாதிரி இன்னும் நாலு ஜோடி காட்டுங்க, நான் உங்க கட்சிக்கு வந்துடறேன்.

#11 சொற்போர்ச்செழியன்
நாலென்ன, நாற்பது காட்டலாம். ஒன்று - ஒன். கொல் - கில். எட்டு - எய்ட். இவையெல்லாம் தற்செயலா?

#12 பழையவாத்தி
செழியன் தம்பி, உங்கள் தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு, ஆகவே கோபிக்காமல் கேளுங்கள். 'ஒன்' என்று இன்று ஒலிக்கும் ஆங்கிலச் சொல் ஆயிரம் ஆண்டுக்கு முன் 'ஆன்'. முன்னால் வகரம் ஒட்டிக்கொண்டு இன்றைய ஒலி வந்தது வெகு பின்னால். 'எய்ட்' அன்று 'எயஹ்த', லத்தீனில் 'ஆக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. பின்னோக்கிப் போகப் போக அவை தங்களுக்குள் நெருங்குகின்றன, தமிழை விட்டு விலகுகின்றன. இரண்டு சொல் உண்மையான உறவு என்றால் பழைய வடிவங்களில் ஒற்றுமை கூட வேண்டும். இங்கே குறைகிறது.

தமிழ் வடமொழிக்குப் பிறந்ததல்ல, அதற்குத் தனிக் குடும்பம் உண்டு என்று சென்னையில் இருந்துகொண்டு எல்லிஸ் 1816-லேயே எழுதினார். கால்டுவெல் 1856-ல் அதை விரித்து நிறுவினார். வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் கல்கத்தாவில் வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசியதும், தமிழ் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று எல்லிஸ் காட்டியதும் ஒரே வகை வேலை. தமிழின் தனித்தன்மையை நிலைநாட்டிய அதே முறையை, லவ் என்று வந்ததும் வெள்ளைக்காரன் சதி என்று தள்ளினால் நமக்குத்தான் நட்டம்.

இன்னொன்று. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் லோபத்துக்கு முன் உகரம் வைத்து உலோபம் என்றோம், லோகத்தை உலோகம் என்றோம். நீங்கள் அந்த உகரத்தைக் கழற்றி எதிர்த்திசையில் அனுப்புகிறீர்கள். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்கு உண்மையாகவே நாம் கொடுத்தவை. அவை போதாதா?

#13 மட்டுறுத்துநர்2
நடுவில் இருந்த ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சொல்லைப் பற்றிப் பேசுங்கள், சொன்னவரின் ஊர், சாதி, கட்சி பற்றி அல்ல.

#14 வல்லைவெளி
வணக்கம். நான் லண்டனிலயிருந்து. முந்தி லீட்ஸில இருந்தனாங்கள். வந்த புதுசில ஒரு நாள் நானும் இவரும் பஸ் ஏறினம். பஸ் ஓட்டுற வயசு போன மனுசன் டிக்கெற்றைத் தந்திட்டு "தேர் யூ கோ, லவ்" எண்டார். எங்கட இவற்ற முகம் கறுத்துப் போச்சு. இறங்குமட்டும் ஒரு கதை பேச்சில்லை. பிறகு கடையில ஒரு கிழவி இவரையும் "லவ்" எண்டு கூப்பிட்டவுடனதான் மனுசன் சிரிச்சவர்.

யோர்க்ஷயர் பக்கம் அது சும்மா ஒரு விளிப்பு. நொட்டிங்ஹாமில 'டக்' எண்டுவினம், வாத்து. நியூகாசிலில 'பெற்'. கிளாஸ்கோவில 'ஹென்', கோழி. நாங்கள் பிள்ளையளை "என்ர குஞ்சு" எண்டு கூப்பிடுறம்தானே, அவையள் வளர்ந்த கோழியையே கூப்பிடுகினம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு ஒரு சந்தேகம். யாழ்ப்பாணத்தில "அவனுக்கு அவளில விருப்பம்" எண்டால் காதல் எண்டுதான் அர்த்தம். லவ் எண்டதுக்கும் அடியில இருக்கிறது விருப்பம்தானோ?

#15 பழையவாத்தி
அம்மா, நீங்கள் சொன்னது இரண்டு விதத்தில் உதவி. 'விருப்பம்' என்பதுதான் அந்த மூலவேரின் பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ். என் வகுப்பில் 'அன்பு' என்றே சொல்லிக் கொடுத்து வந்தேன், உங்கள் சொல் இன்னும் பொருத்தம்.

பஸ்காரர் சங்கதிக்கு ஒரு பழைய துணை இருக்கிறது. லவ்வுக்கு உடன்பிறந்த உரிச்சொல் ஒன்று உண்டு, பழைய ஆங்கிலத்தில் 'லெயோஃப்', பின்னால் 'லீஃப்'. பொருள் 'அன்பான', 'விருப்பமான'. அதையே மரியாதை விளியாகவும் வைத்திருந்தார்கள், ஏறத்தாழ நம் 'ஐயா' போல. ஆயிரமாம் ஆண்டு வாக்கில் ஏல்ஃப்ரிக் என்ற துறவி, பையன்களுக்கு லத்தீன் பழக்க ஒரு உரையாடல் எழுதினார். வரிக்கு மேலே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதிய பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் ஆசிரியர் உழவனைக் கேட்கிறார், உன் வேலை எப்படி என்று. அவன், "அன்பான ஆண்டையே, ரொம்பப் பாடுபடுகிறேன். விடியலில் மாட்டை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறேன்" என்கிறான். அந்த 'அன்பான' என்ற இடத்தில் நிற்பது 'லெயோஃப்'. பிடித்துச் சொல்கிறானா, பயந்து சொல்கிறானா என்பது அந்த உழவனுக்கே வெளிச்சம்.

இதுவும் ஆள் பெயர்களில் ஏறியது. இங்கிலாந்தின் நடுப்பகுதியான மெர்சியாவின் ஆட்சியாளன் லெயோஃப்ரிக், கொடைவாவின் கணவன், அவன் பெயரின் முன்பாதி இதுதான்.

#16 ஐந்தாம்வரிசை
சார், ஜெர்மன்ல 'எர்லாவ்பென்'னா அனுமதி கொடுக்கிறது. 'உர்லாவ்ப்'னா லீவு. 'கிளாவ்பென்'னா நம்பு. இந்த 'லாவ்ப்'புக்கும் லீபெக்கும் உறவு உண்டா? ரொம்ப நாளா மண்டைல ஓடிக்கிட்டிருக்கு.

#17 பழையவாத்தி
உண்டு, உண்டு! இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது.

ஒருவருக்குப் பிடித்திருந்தால் சம்மதிப்பார். சம்மதம் அனுமதியாகிறது. பழைய ஆங்கிலத்தில் 'லேயாஃப்' என்றால் அனுமதி. அதுதான் இன்றைய 'லீவ்'. 'பை யுவர் லீவ்' என்றால் 'உங்கள் அனுமதியோடு'. நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய லீவ் லெட்டர் என்பது போகிறேன் என்று அறிவிக்கும் கடிதமல்ல, அனுமதி கேட்கும் கடிதம். 'விட்டுப் போ' என்று பொருள்படும் 'லீவ்' வேறு வீட்டுச் சொல், ஒலியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பலர் இரண்டையும் ஒன்றென்றுதான் நினைக்கிறார்கள்.

'டேக் லீவ்' என்பதற்கு அகராதியில் 'விடைபெறு' என்று போட்டிருக்கும். பள்ளிக்கூடத்து விடை வினாவுக்கு எதிரே நிற்கும் பதில். 'விடை பெறு' என்பதில் வரும் விடையோ அனுமதி. பெரியவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "உத்தரவு வாங்கிக்கிறேன்" என்பார்கள், அதுவும் அதேதான். இரண்டு மொழியும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதவில்லை. பெரியவர் முன்னால் எழுந்து நின்று, போகட்டுமா என்று கேட்கும் பழக்கம் இரண்டு ஊரிலும் இருந்திருக்கிறது.

'கிளாவ்பென்' கதையும் இப்படித்தான். ஒன்றைப் பிடித்தமாகக் கருது, மதி, அப்புறம் நம்பு. ஆங்கிலத்தில் 'பிலீவ்'. ஆக லவ், லீவ், பிலீவ் மூன்றும் அக்கா தங்கை.

#18 கரிசல்_பூ
அப்போ ஒன்பதாவது படிக்கும்போது என் பெஞ்சுக்காரி லீவ் லெட்டர்ல ஸ்பெல்லிங் தப்பி லவ் லெட்டர்னு எழுதி அடி வாங்கினாளே, அவளுக்கு இப்ப யாரு பதில் சொல்றது? வேர் அளவுல சரியாத்தானே எழுதியிருக்கா!

#19 வல்லைவெளி
2020-ல கொரோனா வந்தவுடன என்னை வேலையிடத்தில 'ஃபர்லோ'வில போட்டவை. அரசாங்கம் சம்பளத்தில பெரும்பங்கு குடுத்தது. அந்தச் சொல்லை அதுக்கு முதல் நான் கேள்விப்படவே இல்லை. அதுவும் இந்த வீட்டுச் சொல்லோ?

#20 பழையவாத்தி
அதே வீடு. டச்சில் 'ஃபெர்லோஃப்', படைவீரனுக்குக் கொடுக்கும் விடுப்பு அனுமதி. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. கடைசியில் நிற்கும் 'லோஃப்' நம் ஆள்தான்.

#21 வெட்டாறு
சார், நேத்து ராத்திரி இதைப் பொண்ணுகிட்டச் சொன்னேன். உலோபிதான் அவளுக்கு ஒட்டவே இல்ல. "ஒரே சொல்லு ஒரு ஊர்ல நல்லதாவும் இன்னொரு ஊர்ல கெட்டதாவும் எப்படிப்பா ஆகும்?"ங்கிறா. இங்கிலீஷ்லயே லவ் எப்பவும் நல்ல வார்த்தையாத்தான் இருந்துச்சா?

#22 பழையவாத்தி
இல்லை. அதை வைத்து ஒரு பெரிய சண்டையே நடந்தது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஏற்பாட்டில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 13-ஆம் அதிகாரம். தமிழில் "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று வரும். கிரேக்கத்தில் 'அகாப்பே'. லத்தீன் பைபிள் அதைக் 'காரிட்டாஸ்' என்றது, ஆங்கிலத்தில் அது 'சாரிட்டி' ஆனது. வில்லியம் டின்டேல் 1526-ல் கிரேக்கத்திலிருந்து நேராக மொழிபெயர்த்து அச்சிட்டபோது 'சாரிட்டி'யைத் தூக்கிவிட்டு 'லவ்' போட்டார். கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர் கொதித்துப் போனார். 1529-ல் எழுதிய தம் நூலில் டின்டேல் மாற்றிய சில சொற்களைப் பிடித்து வாதாடினார், அவற்றில் இதுவும் ஒன்று. அவர் வாதம் இதுதான்: சாரிட்டி என்றால் ஒழுங்குபட்ட நல்ல அன்பு, லவ் என்றால் எந்த ஆசைக்கும் பொது. அன்றைய காதுக்கு லவ் அவ்வளவு சுத்தமான சொல் இல்லை. மோர் 1535-ல் தலை வெட்டுண்டார், டின்டேல் 1536-ல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். இரண்டும் வேறு வேறு வழக்குகள்.

1611-ல் ஜேம்ஸ் அரசர் பதிப்பு வந்தபோது அந்த அதிகாரத்தில் 'சாரிட்டி' திரும்பவும் ஏறியது. யோவான் எழுதிய 'கடவுள் அன்பாயிருக்கிறார்' போன்ற இடங்களில் லவ்வே இருந்தது. பிறகு சாரிட்டிக்கு வெறும் தான தருமம் என்ற பொருள் மிஞ்சியதால், 1881-ல் திருத்திய பதிப்பில் லவ் மறுபடி வந்து உட்கார்ந்தது. முன்னூற்றைம்பது ஆண்டு இழுபறி.

இப்போது நான் சொல்ல வந்தது. 'சாரிட்டி'யின் அடியில் இருப்பது லத்தீன் 'காருஸ்', அருமையான, விலையேறிய. அதன் வேருக்கும் பொருள் ஆசைதான். அந்த வேரின் வடமொழிப் பிள்ளை யார் தெரியுமா? காமம்.

#23 ஐந்தாம்வரிசை
என்னது!!

#24 வெட்டாறு
சார், அப்படின்னா சாரிட்டி = காமம் குடும்பம், லவ் = லோபம் குடும்பம்?

#25 பழையவாத்தி
ஆம். காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம் என்று ஆறு உட்பகைகளைப் பட்டியல் போடுகிறோமே, அதில் முதலாவதின் உறவுக்காரியும் மூன்றாவதின் உறவுக்காரியும்தான் பைபிளின் 'அகாப்பே' என்ற ஒரு நாற்காலிக்கு ஆங்கிலத்தில் போட்டியிட்டார்கள். மோருக்கும் டின்டேலுக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. அந்த உறவுகளைக் கண்டுபிடிக்கும் முறையே 19-ஆம் நூற்றாண்டில்தான் கூர்மை பெற்றது.

உங்கள் மகளுக்கு என் பதில்: சொல் முதலில் நல்லதாகவோ கெட்டதாகவோ பிறக்கவில்லை. விரும்புகிறேன் என்று மட்டும் சொன்னது. எதை விரும்பினார்கள், யார் அதை எழுதி வைத்தார்கள் என்பதில் மாறிப்போயிற்று. ஆசையை அறுக்கச் சொன்ன துறவிகள் இந்தியாவில் லோபத்தை எழுதினார்கள், ஆகவே அது பகைப் பட்டியலில் ஏறியது. ஏல்ஃப்ரிக்கும் துறவிதான், ஆனால் அவருக்குக் கடவுளின் அன்பைச் சொல்ல உள்ளூரில் கிடைத்த சொல் 'லுஃபு', ஆகவே அது சர்ச்சுக்குள் போய்விட்டது. இது என் கருத்து, யாரும் மறுக்கலாம்.

#26 சொற்போர்ச்செழியன்
மறுக்கிறேன். ஐயா, சொல் எங்கே எழுதப்பட்டது என்பதைவிட மக்கள் வாயில் எப்படி இருந்தது என்பது முக்கியம். லோபத்தைத் துறவி எழுதியதால் அது கெட்டுவிடவில்லை. கடன் கேட்டுப் போய்க் கொடாதவன் வாசலில் நின்றவன்தான் அவனை 'லோபி' என்று வைதிருப்பான். வசவுச் சொல் மடத்தில் அல்ல, திண்ணையில்தான் பிறக்கும்.

(என் உலவு > லவு கருத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். திரும்பப் பெறவில்லை.)

#27 பழையவாத்தி
நல்ல அடி, செழியன் தம்பி. 'கொடாதவன்' என்ற கடைசிப் படிக்கு உங்கள் திண்ணை விளக்கம் என்னுடையதைவிடப் பொருந்துகிறது. பேராசை என்ற நடுப்படிக்கு மட்டும் என் துறவிகளை விட்டுவிடுங்கள்.

#28 வல்லைவெளி
எனக்கு இப்ப வேற ஒரு விசயம் விளங்குது. என்ர மகன் ஃபோன் வைக்கேக்க அம்மம்மாவுக்கு "லவ் யூ" எண்டுவான். அம்மம்மாக்கு முதல் தரம் அது சரியான வெக்கம். "உதென்ன கதை, கொப்பரும் எனக்கு உப்பிடிச் சொன்னதில்லை, உன்ர அம்மப்பாவும் சொன்னதில்லை" எண்டா. ஊரில லவ் எண்டால் பெடியன் பெட்டை விசயம் மட்டும்தானே. லவ் பண்ணுறது, லவ் மரேஜ். இங்கத்தைப் பிள்ளையளுக்கு அது பீட்சாவுக்கும் பூனைக்குட்டிக்கும் அம்மம்மாக்கும் எல்லாத்துக்கும் ஒண்டுதான். நாங்கள் அந்தச் சொல்லைக் கடன் வாங்கேக்க ஒரு அறையை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறம் போல.

அம்மா இப்ப பழகிட்டா. ஆனா திருப்பி "லவ் யூ" எண்ட மாட்டா. "சாப்பிட்டியோ அப்பன்" எண்டுவா.

#29 கரிசல்_பூ
எங்க ஆச்சியும் அதேதான். அதுக்கு மேல கேட்டா, "கிறுக்குப் பயபுள்ள"ம்பா.

#30 வெட்டாறு
எல்லாருக்கும் நன்றி. பொண்ணு முழு இழையையும் படிச்சுட்டா (ஏழு பதிவை நீக்கினதுக்கு மட்டுறுத்துநருக்குத் தனி நன்றி). லீவ்தான் அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, கிளாஸ்ல சொல்லப் போறாளாம். அடுத்த கேள்வியும் ரெடி: நாப்பதுக்கு நாப்பது வந்தா 'டியூஸ்'ங்கிறாங்களே, அது என்ன?

#31 பழையவாத்தி
அது மட்டும் நிஜமாகவே பிரெஞ்சு. 'தெ', அதாவது இரண்டு. சமநிலையிலிருந்து ஆட்டத்தை முடிக்க இன்னும் இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்க வேண்டும். லத்தீனில் 'துவோ', வடமொழியில் 'த்வி'.

#32 வல்லைவெளி
அப்ப டியூஸும் எங்கட துவிச்சக்கர வண்டியும் சொந்தமோ?

#33 மட்டுறுத்துநர்2
சொந்தம்தான் போலிருக்கிறது. ஆனால் சைக்கிளுக்குத் தனி இழை தொடங்குங்கள், இது முப்பதைத் தாண்டிவிட்டது.